அரை டம்ளர் பூர்கோஞ்

ஜன்னல் பக்கம் நீங்களே உட்காருங்கள் அம்மா. எனக்குக் காற்று அடித்தால் காது வலிக்கும். பாகூரா நீங்கள்? நான் அதையும் தாண்டி நாலு நிறுத்தம். அரியாங்குப்பம் பாலத்தில் இந்த பஸ் எப்படியும் நின்றுவிடும். பேச்சுத் துணைக்கு ஆள் கிடைத்தது நல்லதாயிற்று.

என் வீட்டுக்காரருக்கு இன்றைக்கு வருஷத் திதி. கொழுந்தனார் வீட்டில் படையல். அங்கேதான் போகிறேன். ஐயோ, நீங்கள் முகத்தை அப்படி வைத்துக்கொள்ள வேண்டாம். எழுபத்தாறு வயது, தூக்கத்தில் போனார், யாரையும் கஷ்டப்படுத்தவில்லை. அதில் எனக்குக் குறை இல்லை. இருக்கிறது, இல்லாமல் இருக்குமா? ஆனால் நெஞ்சில் இறங்காமல் கிடப்பது அது இல்லை. அது ஒரு பாட்டில்.

ஆமாம், பாட்டில்தான். ஒயின் பாட்டில்.

நீங்கள் சிரித்தாலும் பரவாயில்லை. நான் எம்.ஏ. தமிழ் படித்தவள். முப்பத்தைந்து வருஷம் பெண்கள் பள்ளியில் பாடம் நடத்தியவள். எங்கள் தெருவில் பிராந்திக் கடை இருக்கும் பக்கம் நான் திரும்பிப் பார்த்ததுகூடக் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அவர் பெயர் கோதண்டபாணி. மாமனாருக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை இருந்ததால் இவர் இளம் வயதிலேயே அங்கே பட்டாளத்தில் சேர்ந்தார். பட்டாளம் முடிந்து அங்கேயே ஒரு தொழிற்சாலையில் காவல் வேலை. வருஷத்துக்கு ஒரு மாதம் வருவார். நானும் அங்கே வந்துவிடட்டுமா என்று கல்யாணமான புதிதில் கேட்டேன். 'உன் வேலையை ஏன் விடணும்? படிச்சவ நீ' என்றார். என் படிப்பின் மேல் அவ்வளவு மரியாதை அவருக்கு. எத்தனை பெண்களுக்கு அப்படி அமையும், சொல்லுங்கள்.

அவர் இருந்த இடம் பூர்கோஞ் என்ற சீமை. இங்கிலீஷில் பர்கண்டி என்பார்கள். சிவப்பு ஒயினுக்குப் பேர்போன இடம். மலைச்சரிவில் இந்த வரப்பில் விளைந்ததற்கு ஒரு ருசி, பக்கத்து வரப்பில் விளைந்ததற்கு வேறு ருசி என்பார். நம் ஊர் நிலமாயிருந்தால் வெட்டுக்குத்து நடந்திருக்கும். புதிதாக இருக்கும்போது அந்த ஒயின் எல்லாரிடமும் சளசளவென்று பேசுமாம். பிறகு சில வருஷம் வாயை மூடிக்கொண்டுவிடுமாம். அந்தச் சமயத்தில் திறந்தால் ஒன்றுமே இருக்காதாம். ஊமைக் காலம். அது தாண்டி மறுபடி வாய் திறக்கிறதே, அதுதான் அதன் உச்சம். அப்புறம் இறக்கம்தான். அந்த உச்சம் எத்தனை காலம் இருக்கும் என்று கேட்டேன். 'அதைத் தெரிஞ்சிக்கிட்டவன் எவன்?' என்றார். அந்த பதிலை நினைத்துக்கொண்டு அன்றைக்கு முழுவதும் சமைத்தேன்.

இதையெல்லாம் என்னிடம் மட்டும்தான் சொல்வார். வேறு யாரிடமும் பேச மாட்டார்.

ஓய்வு பெற்று வந்தபோது இரண்டு பாட்டில் கொண்டுவந்தார். தொண்ணூற்றொன்பதாம் வருஷத்துத் திராட்சை. அதற்கென்று ஒரு சின்ன ஃபிரிட்ஜ். அதில் வேறு எதையும் வைக்கக் கூடாது. மோர்ப்பாக்கெட் ஒன்றை ஒருநாள் வைத்துவிட்டேன், திட்டவில்லை. எடுத்து வெளியே வைத்தார், அவ்வளவுதான். தானே புயல் அடித்ததே, நாள்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்தோமே, அப்போது எனக்குக் காய்ச்சல். நனைத்த துணி ஒன்று என் நெற்றியில், ஒன்று பாட்டிலின் மேல். மாற்றி மாற்றி நனைத்துப் போட்டுக்கொண்டே இருந்தார். பாரபட்சம் பார்க்கிற ஆளே இல்லை.

முதல் பாட்டிலை அவருடன் வேலை பார்த்த ஒரு வெள்ளைக்காரர் வந்தபோது திறந்தார்கள். நான் உள்ளே வஞ்சிரம் வறுத்துக்கொண்டிருந்தேன். அந்த மனுஷர் 'மதாமையும் கூப்பிடு' என்றார், என்னைத்தான். எனக்கு அவ்வளவு பிரெஞ்சு புரியும். இவர், 'அவங்களுக்குப் பழக்கமில்லை' என்று சொல்லிவிட்டார். உண்மைதானே? பழக்கமில்லைதான். ஆனால் என்னை மறக்கவில்லை. மறுநாள் காலையில் கழுவாமல் வைத்திருந்த வெறும் கிளாஸை எடுத்துவந்து, 'மோந்து பாரு' என்று நீட்டினார். மோந்தேன். அடியில் ஒரு சொட்டு காய்ந்து வளையமாக நின்றது. காய்ந்த ரோஜா, மழைக்குப் பின் வைக்கோல் போரடியில் முளைக்கிற காளான், பழைய தோல்பை என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். நான் 'ஆமாம், ஆமாம்' என்றேன். எனக்கு முந்தின நாள் வறுத்த மீன் வாசனைதான் வந்தது. சொல்லவில்லை.

இரண்டாவது பாட்டில் எங்களுக்கு. அது பேச்சு. 'அதைத் திறக்கிற அன்னைக்கி உனக்கும் ஒரு கிளாஸ்' என்றார். ஒவ்வொரு கல்யாண நாளுக்கும் கேட்பேன். 'இன்னும் ஊமை' என்பார். எனக்கு அறுபது ஆனபோது கேட்டேன். இன்னும் ஊமை. கண்ணில் புரை எடுத்தபோது கேட்டேன். இன்னும் ஊமை. கடைசியில் போன வருஷம் அவரே வந்து, 'இந்த வருஷம்தான். இதுக்கு மேல வச்சா இறங்கிடும்' என்றார். வயிறு பெருத்து வாய் குறுகின கிளாஸ் இரண்டு வாங்கிவந்தார். இரண்டு! கார்த்திகையில் மழை பிடித்து ஊர் குளிரட்டும், அப்போது திறக்கலாம் என்றார்.

புரட்டாசியில் போய்விட்டார்.

இப்போது கொழுந்தனாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கலிவரதன் என்று பெயர். ஊரோடு இருந்து பயிர் பார்த்தவர். அண்ணனுக்கும் தம்பிக்கும் இருபது வருஷமாகப் பேச்சு வார்த்தை கிடையாது. மாமியார் இறந்தபோது என் வீட்டுக்காரர் வரவில்லை. லீவு கிடைக்கவில்லை என்றார். தம்பி ஐஸ் வைத்து இரண்டு நாள் காத்திருந்துவிட்டுத் தானே அடக்கம் செய்தார். இவர் ஒரு மாதம் கழித்து வந்து நின்றார். தெருவில் வைத்தே, 'மூத்த பிள்ளைன்னு உனக்காவ ஆத்தாவ நாறப் போட்டேன்டா. இனிமே நீ எனக்கு அண்ணன் இல்ல' என்று கத்திவிட்டார் கலிவரதன். இவரும் திரும்பிப் பார்க்காமல் வண்டி ஏறிவிட்டார். அதோடு சரி. பாண்டிக்கும் அந்த ஊருக்கும் ஒரு மணி நேரப் பயணம். போகவில்லை, வரவில்லை.

ஆனால் செத்த சேதி கேட்டு வந்து விழுந்தாரே பாருங்கள். காலைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. 'ஒரு வார்த்த பேசாம போயிட்டியே அண்ணா, ஒரு வார்த்த திட்டிட்டாவது போயிருக்கக் கூடாதா' என்று தரையில் தலையை முட்டிக்கொண்டார். ஊருக்குக் கொண்டுபோய்ச் சொந்தக் கொல்லையில்தான் புதைப்பேன் என்று ஒற்றைக் காலில் நின்றார். காரியமெல்லாம் அங்கேதான். நான் மறுத்துப் பேசவில்லை. அழக்கூட இல்லை நான். வந்தவர்களெல்லாம் என் கண்ணைக் கண்ணைப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

பதினாறாம் நாள் படையல். செத்தவருக்குப் பிடித்ததையெல்லாம் வைக்க வேண்டும் இல்லையா? சட்டை எடுத்து வருகிறேன் என்று என்னிடம் சாவி வாங்கிக்கொண்டு கலிவரதன் காலையிலேயே பாண்டிக்குப் போனார். திரும்பி வரும்போது மோட்டார் சைக்கிளில் முன்னால் ஒரு மஞ்சள் பை ஆடிக்கொண்டு வந்தது. எனக்குப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. பையின் வடிவமே சொல்லிவிட்டதே.

'அண்ணி, அண்ணன் தனி ஃபிரிட்ஜ் போட்டுப் பொத்திப் பொத்தி வச்சிருக்காரே, உசுரா இருந்திருப்பாரு போல! இத வைக்கலன்னா அவரு கட்ட வேகுமா?' என்றார். புதைத்த கட்டை எப்படி வேகும் என்று அந்த நேரத்திலும் எனக்குத் தோன்றியது. தமிழ் வாத்தியார் புத்தி. ஆனால் அவரிடம் என்ன சொல்வது? 'அதை வைக்காதீர்கள், அது எனக்கு' என்று சொல்வதா? தாலி கழற்றின அன்றைக்கு, ஊரே கூடியிருக்கும்போது, 'ஒயின் எனக்கு வேண்டும்' என்று எந்தப் பெண் கேட்பாள்? நீங்கள் கேட்பீர்களா?

நான் வேறு மாதிரி சொல்லிப் பார்த்தேன். 'தம்பி, அது விலை உயர்ந்தது, இப்போ எதுக்கு' என்றேன். அவர் கண்ணில் பொலபொலவென்று நீர். 'அதனாலதான் அண்ணி வைக்கணும்' என்றார்.

கார்க் எடுக்கிற திருகாணி அந்த வீட்டில் ஏது? ஸ்குரூ டிரைவரை வைத்துக் கார்க்கை உள்ளே தள்ளினார்கள். வழியெல்லாம் குலுங்கி வந்ததில் அடி மண்டி முழுக்கக் கலங்கியிருக்கும். கண்ணாடி டம்ளரில் ஊற்றினார்கள், விளிம்பு வரைக்கும். என் பெரிய நாத்தனார் மகன் எட்டிப் பார்த்தான். 'இன்னா மாமா, கலரே இல்ல? வெளுத்துப்போன செங்கல்லு மாதிரி இருக்குது. கெட்டுப்போச்சு போல. அதுல கொஞ்சம் பிராந்தி வுடட்டுமா?' 'கைய வச்சே, ஒடிச்சிடுவேன்' என்றார் கலிவரதன். அந்த ஒரு வார்த்தைக்காக நான் அவருக்குக் கடன்பட்டிருக்கிறேன்.

அந்த நிறம்தான் அம்மா அதன் பக்குவம். பழசாகப் பழசாகச் சிவப்பு வடிந்து அப்படி வருமாம். திறந்து ஊற்றினபிறகு அரைமணி, முக்கால் மணி. அதற்குள் மலர்ந்து அதற்குள் போய்விடும் என்பார் அவர். எனக்கு அது மட்டும்தான் ஓடிக்கொண்டிருந்தது. மலர்கிறது, மலர்கிறது, யாருக்கு?

எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். கற்பூரம் காட்டிவிட்டு எல்லாரும் வெளியே போய்க் கதவைச் சாத்திவிட வேண்டும். செத்தவர் வந்து சாப்பிட்டுப் போவதற்கு. கொஞ்ச நேரம் கழித்துக் கதவைத் தட்டிவிட்டுத் திறப்பார்கள். ஆனால் அன்றைக்குத் தாலி கழற்றினவள் வாசலுக்கு வரக்கூடாது, சுமங்கலிகள் கண்ணில் படக்கூடாது என்று என்னைக் கூடத்தை ஒட்டின உள்ளறையில் உட்கார வைத்திருந்தார்கள். கூடத்துக்கும் அந்த அறைக்கும் நடுவே வெறும் துணித் திரை. எல்லாரும் வெளியே போனார்கள். கதவு சாத்தியாயிற்று. என்னை யாரும் ஒரு ஆளாகக் கணக்கில் எடுக்கவில்லை.

மணம் வந்தது. ஊதுபத்தி, கற்பூரம், கருவாட்டுக் குழம்பு எல்லாவற்றையும் விலக்கிக்கொண்டு அது தனியாக வந்தது. நான் திரையை விலக்கினேன். படத்தில் அவர். முன்னால் இலை. இலைக்குப் பக்கத்தில் டம்ளர்.

கெட்டுப்போகாமல் இருக்கிறதா என்று பார்ப்பதற்குத்தான் எடுத்தேன். யாராவது ஒருவர் பார்க்க வேண்டாமா, அத்தனை வருஷம் காத்ததற்கு?

முதல் வாய் ஏமாற்றம். இனிப்பே இல்லை. கொஞ்சம் புளிப்பு, கொஞ்சம் துவர்ப்பு, மெலிசாக, தண்ணீருக்குப் பக்கத்து வீடு மாதிரி. இதற்கா, என்று நினைத்தேன். விழுங்கினேன். விழுங்கினபிறகு வந்தது அம்மா. நாக்கில் இல்லை, அதற்கும் பின்னால், எங்கோ மூக்குக்கும் தொண்டைக்கும் நடுவே, வந்து நின்றது. போகவில்லை. மழை பெய்து ஓய்ந்த தோட்டத்தில் தனியாக நிற்கிற மாதிரி. யாரோ அப்போதுதான் அந்த இடத்தைவிட்டுப் போன மாதிரி. அவர் சொன்ன ரோஜா இல்லை. காளான் இல்லை. தோல்பை இல்லை. அவர் சொன்ன எதுவும் அதில் இல்லை. இது இவ்வளவு மெதுவாகப் பேசும் என்று அவர் ஒருநாளும் சொல்லவில்லையே!

இரண்டாவது வாய் முதல் வாய் போல இல்லை. மூன்றாவது இரண்டாவதைப் போல இல்லை. அப்படி ஒரு பொருளை நான் அதுவரை வாயில் வைத்ததில்லை. மண்டி கடைவாயில் நெறநெறத்தது. அதுகூட நன்றாயிருந்தது. தரையில் உட்கார்ந்துவிட்டேன். படத்தில் இருந்தவரைப் பார்த்து, 'ஊமை இல்லை' என்று வாய்விட்டுச் சொன்னேன்.

கதவைத் தட்டினார்கள். டம்ளரை வைத்துவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தேன். பாதிதான் குடித்திருந்தேன். மீதிப் பாதி இருக்கிறது, பாட்டிலில் முக்கால்வாசி இருக்கிறது, காரியம் முடிந்தபின் பாட்டிலை மட்டும் கேட்டு வாங்கிக்கொள்ளலாம், அவர் நினைவாக என்று சொன்னால் தருவார்கள். அதுதான் என் கணக்கு. இராத்திரிக்குள் போய்விடும்தான், இருந்தாலும் இன்னொரு வாயாவது.

'அண்ணா!' என்று ஒரு அலறல்.

திரையை விலக்கிப் பார்த்தேன். கலிவரதன் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மண்டியிட்டிருந்தார். 'வந்துட்டாரு! அண்ணன் வந்துட்டாரு! பாதி குடிச்சிட்டாரு பாருங்க! எம்மேல கோவமில்ல அவருக்கு, எங்கையால ஊத்தினத குடிச்சிட்டாரு! அண்ணி, பாருங்க அண்ணி!' கூடம் முழுக்கக் கன்னத்தில் போட்டுக்கொண்டது. பிராந்தி ஊற்றட்டுமா என்று கேட்ட பையன் சுவரோடு ஒட்டிக்கொண்டான். இருபது வருஷத்துப் பாரம் அந்த மனுஷன் தோளிலிருந்து இறங்குவதை நான் கண்ணால் பார்த்தேன். நான் என்ன சொல்ல முடியும்? 'தம்பி, அது நான்' என்றா?

அடுத்தது என்ன செய்தார் தெரியுமா? பாட்டிலை எடுத்துக்கொண்டு கொல்லைப் பக்கம் ஓடினார். உள்ளறை ஜன்னலிலிருந்து கொல்லை தெரியும். புதைத்த மேட்டின்மேல், 'நீயே குடி அண்ணா, எல்லாத்தையும் நீயே குடி' என்று பாட்டிலைக் கவிழ்த்தார். உள்ளே தள்ளின கார்க் வந்து வந்து கழுத்தை அடைக்கிறது. அவர் குலுக்குகிறார், அது விலகிக் கொஞ்சம் ஊற்றுகிறது, மறுபடி அடைக்கிறது. குளுக், குளுக். ஒரே மடக்காகப் போயிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். மண் உறிஞ்சிக்கொண்டே இருந்தது. கடைசிச் சொட்டு வரைக்கும் அந்த மனுஷன் விடவில்லை, உள்ளங்கையால் பாட்டிலின் அடியைத் தட்டித் தட்டி ஊற்றினார்.

'ஐயோ' என்று கத்திவிட்டேன். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படி அழுதேன், என் அம்மா செத்தபோதுகூட அப்படி அழவில்லை. பெண்கள் ஓடிவந்து பிடித்துக்கொண்டார்கள். 'அழுவட்டும் வுடுங்க. பாஞ்சி நாளா கல்லு மாதிரி இருந்துச்சு. இப்பத்தான் புருஷன் போனது உறைச்சிருக்கு' என்றாள் ஒரு கிழவி. நான் அழுதது ஒயினுக்காக என்று அவளிடம் எப்படிச் சொல்வது? ஒயினுக்காகத்தான். வேறு என்ன?

தவளக்குப்பம் வந்துவிட்டதா? கிருமாம்பாக்கம் தாண்டிவிட்டோமா? பேச்சில் தெரியவே இல்லை.

அதோடு முடிந்திருந்தால் நான் இப்படிப் புலம்ப மாட்டேன். அடுத்த அமாவாசைக்குக் கலிவரதன் மறுபடி படையல் போட்டார். பாண்டியில் ஒயின் ஷாப்புக்குப் போய்ச் 'செவப்பு ஒயின்' என்று கேட்டு ஒன்று வாங்கியிருக்கிறார். நான் போகவில்லை, முட்டி வலி. கதவைத் திறந்து பார்த்தால் டம்ளர் ஊற்றினபடியே இருந்திருக்கிறது. எனக்கு ஃபோன். 'அண்ணி, அண்ணன் தொடல. ஒரு சொட்டு தொடல. மறுபடி கோச்சிக்கிட்டாரு அண்ணி.' அதற்கப்புறம் அவர் பெண்சாதி, என் ஓரகத்தி அஞ்சலாட்சி பேசினாள். 'அக்கா, மூணு நாளா சோறு திங்கல. வயலுக்குப் போவல. ஆத்தா செத்ததுக்கு அப்புறம் இப்பிடி இருந்தாரு. எனக்குப் பயமா இருக்குது அக்கா. நீங்க ஒருதரம் வந்துட்டுப் போங்க.'

போனேன். அன்றைக்கே மறுபடி படையல் வைத்தார். 'அண்ணி, அன்னைக்கி மாதிரியே அந்த உள்ளறையிலயே குந்துங்க. நீங்க பக்கத்துல இருந்தாத்தான் அவரு வராரு' என்றார். எப்படிக் கண்டுபிடித்தார் பாருங்கள்! கதவைச் சாத்தினார்கள். திரையை விலக்கிப் பார்த்தேன். கறுஞ்சிவப்பாக, பிசுபிசுவென்று, சர்க்கரைப் பாகில் இருமல் மருந்தைக் கலக்கின மாதிரி ஒன்று. மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தேன். வேறு என்ன செய்வது? வெளியே ஒரு மனுஷன் மூன்று நாள் பட்டினியோடு கதவைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான்.

அன்றிலிருந்து ஒவ்வொரு அமாவாசையும் இந்த பஸ்தான். பூர்கோஞ்சின் ருசி இத்தனை நாளும் நாக்கில் கொஞ்சம் இருந்தது. நினைத்தால் வரும். ஒவ்வொரு அமாவாசைக்கும் இந்தப் பாகு மேலே ஏறி ஏறி அது கொஞ்சம் கொஞ்சமாகப் போகிறது. போன மாதம் நினைத்துப் பார்த்தேன், வரவில்லை. எத்தனையோ தடவை முயற்சி செய்தேன், இருமல் மருந்துதான் வருகிறது. அதுதான் அம்மா எனக்குத் தாங்கவில்லை.

சொல்லிப் பார்க்காமல் இல்லை. ஒருதரம் மெல்ல எடுத்தேன். 'தம்பி, அண்ணனுக்கு இந்த மாதிரி தித்திப்பு ஒயின் பிடிக்காது' என்றேன். கலிவரதன் சிரித்தார். எத்தனை வருஷத்துக்கு அப்புறம் சிரிக்கிற சிரிப்பு அது. 'பிடிக்காமலா அண்ணி மாசாமாசம் டம்ளரக் காலி பண்றாரு?' என்றார்.



பாகூர் வருகிறது, பையை எடுத்துக்கொள்ளுங்கள். இல்லையா? அடடா, உங்கள் நிறுத்தத்தைத் தாண்டி வந்துவிட்டோமா? என் கதையைக் கேட்டுக்கொண்டு... சரி, என்னோடு இறங்கிக்கொள்ளுங்கள், எதிர் பஸ் உடனே வரும். அதோ, டீக்கடைக்கு முன்னால் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்கிறாரே, அவர்தான். காலையிலிருந்தே நின்றிருப்பார். நான் சொன்னதில் ஒரு வார்த்தை அவர் காதில் விழக்கூடாது, தெரிந்ததா?

'பாத்து எறங்குங்க அண்ணி, படி ஒசரம். பைய குடுங்க. இந்த அம்மா யாரு? கூட வந்தவங்களா? வாங்கம்மா, வந்து சாப்ட்டுட்டுப் போங்க, எங்கண்ணனுக்கு இன்னிக்கி வருஷத் திதி. அண்ணி, சின்ன டம்ளரு வாணாம்னு வெள்ளிச் சொம்பு வாங்கியாந்திருக்கேன். ஒரு வருஷமா வந்து வந்து போறாரு, வயிறு நெறயக் குடிக்கட்டும்.'

சரி தம்பி. நட. வருகிறேன்.